கழுவிய ஒன்பது ஓடுகள்

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குப் புரியும்.

திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு அவர் பாத்திரம் விளக்க வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் எனக்கும் மனைவிக்கும் வாய்த் தகராறு. காரணம் இப்போது நினைவில்லை, அன்றைக்கும் பெரிய காரணம் ஒன்றும் இருந்திருக்காது. "எனக்குச் சாப்பாடே வேண்டாம்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு முன்னறையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு அவள் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். நான் அடுக்களைக்குள் நுழைந்து, தயிர்சாதப் பாத்திரத்தில் நேராகக் கையை விட்டு அள்ளித் தின்றுவிட்டு, மூடியைப் போட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் கிணற்றடியிலிருந்து குரல் வருகிறது.

"மாமி, நேத்து சாரு நின்னுக்கிட்டேதான் தின்னுருக்காவ. பாவம், நல்ல பசி போல."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று என் மனைவி கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"தட்டு ஈரமே ஆவல. சட்டியில ஒரு பக்கம் மட்டும் வழிச்சிருக்கு. உக்காந்து எடுத்தா கரண்டி போட்டுத்தானே எடுப்பாவ? விளிம்புல நாலு வெரல் தடம் அப்படியே காஞ்சு கெடக்கு பாருங்க."

என் மனைவி ஒரு வாரம் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கோபத்தையும் சட்டியில் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்து, மறுநாள் தட்டில் போட்டு ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேரு எதுக்கு சாரே, என்ன கெட்டுப்போச்சு?" என்பார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். புருஷன் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கினார், அவர் செத்துப்போன பிறகு அக்கா நாலு வீட்டுப் பாத்திரங்களை நம்பி இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். இப்போது ஊரோடு போய்ப் பெரிய மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே மகள் வாங்கிப்போட்ட பாத்திரம் கழுவும் மெஷினைப் பற்றிப் போனில் புலம்பாத நாள் கிடையாது.

நாலு வீடுகளையும் அவருக்குச் சட்டி வழியாகத்தான் தெரியும். யார் வீட்டில் விருந்தாளி வந்து போனது, யார் வீட்டு மாமனாருக்குப் பல் வலி, யார் சர்க்கரை வியாதியை மறைத்துப் பாயசம் குடித்தது, எல்லாம் தெரியும். பக்கத்து வீட்டு மருமகள் உண்டாயிருக்கிறாள் என்று அவள் புருஷனுக்கு முன்னால் தெரிந்தது இவருக்குத்தான். பால் டம்ளர் தொட்டும் தொடாமலும் வருகிறது, ஊறுகாய்க் கிண்ணம் மட்டும் நக்கி வைத்த மாதிரி வருகிறது, வேறென்ன வேண்டும்? அதை அந்தப் பெண்ணிடமே போய்க் காதோடு சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டுச் சங்கதியை இன்னொரு வீட்டுக்கு எடுத்துப் போனதே இல்லை. இதையும் அந்தப் பெண்தான் பிற்பாடு எங்களிடம் சொன்னாள்.

இன்னொரு குணம், அழுக்குப் பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் போக அவருக்குக் கால் வராது. ஒரு முறை நூற்று நாலு டிகிரி காய்ச்சலோடு வந்து நின்றார். "போய்ப் படுங்கோ அக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். "எச்சிப் பாத்திரம் அங்கன கெடக்குன்னு நெனச்சா எனக்கு எப்படிக் கண்ணு மூடும்?" என்று என்னையே திட்டிவிட்டு, விளக்கி முடித்துத்தான் போனார்.

இந்த அக்காவை ரப்பர்த் தோட்டத்துக்குக் கூட்டிப்போனது நான்தான்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். போனக்காடு போகிற வழியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறை அகழாய்வு செய்தது. கட்டடம் வரைகிற ஆபீசில் இருபது வருஷம் பென்சில் பிடித்தவன் நான். அந்த ஆபீஸ் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு என் பென்சிலுக்கு வேலை கொடுத்தது இந்தப் பழைய பானை ஓடுகள்தான். கிடைத்த ஓடுகளை அளந்து படம் வரைவது என் பொறுப்பு. ஓடுகளை மண் போகக் கழுவி உலர்த்த ஆள் வேண்டும் என்றார்கள். இந்த ஊரில் பாத்திரம் தெரிந்தவர் யார் என்று என்னைக் கேட்டால் நான் வேறு யாரைச் சொல்வேன்?

அகழாய்வுக்குத் தலைமை ஒரு பேராசிரியை. கேரள வழக்கப்படி எல்லோருக்கும் அவர் டீச்சர். டீச்சருக்குப் பல வருஷமாக ஒரே கவலை. அந்த மலையடிவாரத்தில் ரப்பருக்குக் குழி எடுத்தால் தாழி வரும், கிணறு தோண்டினால் தாழி வரும். இரண்டாயிரம் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களைப் பெரிய பானையில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். சரி, செத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உயிரோடு குடியிருந்த வீடு எங்கே? அதற்கு ஒரு தடயமும் கிடைத்ததில்லை. "அங்கே யாரும் வாழவில்லை, வேறெங்கோ வாழ்ந்தவர்கள் புதைக்க மட்டும் அங்கே வந்தார்கள்" என்று மற்ற பேராசிரியர்கள் சாதித்தார்கள். இல்லை, முதல் குடி இங்கேதான் உட்கார்ந்தது என்பது டீச்சரின் கட்சி. தோட்டக்காரர் கொடுத்த அனுமதி மழை தொடங்கும் வரைக்கும்தான். அதற்குள் ஒரு அடுப்போ ஒரு குப்பைமேடோ கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் குழியை மூடிவிட்டுத் தோற்றுப்போய்த் திரும்ப வேண்டும்.

யார் முதலில் வந்தது என்பதில் இந்த ஊரில் யாருக்குத்தான் அக்கறை இல்லை! எங்கள் தெருவில் திருநெல்வேலியிலிருந்து முதலில் வந்த குடும்பம் தாங்கள்தான் என்று மூன்று வீட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தோட்டக்காரரோ, தன் முப்பாட்டன் காட்டை வெட்டுகிற வரை அங்கே யானையைத் தவிர யாரும் இருந்ததில்லை என்று எங்களுக்குப் பாலில்லாத கட்டன்சாயா கொடுக்கும்போதெல்லாம் சொல்வார். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"எங்க லைன் வீட்டுலயும் இதே சண்டைதான் சாரே. மொதல்ல குடி வந்தவ கொடந்தான் பைப்புல மொதல்ல நிக்கணும். நான் வந்து இருவது வருசமாச்சு, இன்னும் என் கொடம் மூணாவதுதான்."

முதல் நாள் அவருக்கு வேலையே பிடிக்கவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு வாளித் தண்ணீர், ஒரு பழைய பல்தேய்க்கும் பிரஷ், மூட்டை மூட்டையாக உடைந்த ஓடு. "இதக் கழுவி யாரு ஆக்கப்போறா?" என்றார். தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவரிடம் நாரைப் பிடுங்கிக்கொண்டு பிரஷைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் ஓட்டோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

"இவ கெட்டிக்காரி சாரே. கையால தட்டித் தட்டி எவ்வளவு நைசாப் பண்ணிருக்கா. இந்தா, இந்தச் சட்டிக்காரி இருக்காளே, அவளுக்குப் பொறுமை கெடயாது. உள்ள பாருங்க, கரண்டியப் போட்டுச் சொரண்டியிருக்கா. அடி புடிக்க விட்டுட்டுப் பொறவு சொரண்டி என்ன செய்ய?"

எனக்கு எரிச்சல் வரும். நான் அரை மில்லிமீட்டர் பிசகாமல் விளிம்பு வளைவை வரைந்துகொண்டிருப்பேன், பக்கத்தில் இந்த அம்மாள் செத்துப்போனவர்களின் குடும்பத் தகராறைத் தீர்த்துக்கொண்டிருப்பார். "போறும் அக்கா, கதை" என்பேன். ஆனால் அவர் சொன்னபிறகு நானும் ஓட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் இருந்ததில்லை. சுரண்டிய கீறல் இருக்கத்தான் செய்தது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை, அரைநாள்தான் வேலை. மேட்டுச் சரிவில் இருந்த குழியின் கீழ்க்கோடி மூலையிலிருந்து ஒன்பது ஓடுகள் வந்தன. வெளிப்புறம் முழுக்கக் கரி, உட்புறம் அடிபிடித்துக் கருகிய பற்று. டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. புதைக்கிற தாழியில் அடுப்புக்கரி ஏன் வரப்போகிறது? அது ஆக்கித் தின்ற சட்டி. அந்தக் கரியை ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினால் வயதும் தெரியலாம், என்ன சமைத்தார்கள் என்பதும் தெரியலாம். டீச்சர் ஒன்பதையும் ஒரு தட்டில் தனியாக வைத்து, ஊருக்குப் போகிற அவசரத்தில் என்னிடம் சொன்னார்:

"சாரே, சேச்சியோடு பறயணே, இது கழுகருது."

கழுவக்கூடாது என்று அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. நான் தலையை ஆட்டிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தேன். தொடர்ந்து மூன்றாவது நாளாக உப்புமா. அந்தக் கோபத்தில் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனவன், மனைவியிடம் என்ன கேட்க வேண்டும் என்று மனத்துக்குள் வசனம் தயாரித்துக்கொண்டே நேராக வேனில் போய் உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியது சுத்தமாக மறந்துபோயிற்று.

மறுநாள் ஞாயிறு, லீவு. அழுக்குச் சட்டியைப் போட்டுவிட்டுப் போகிறவரா அவர்? எல்லோரும் வேனில் ஏறிய பிறகும் கடைசியாக ஈரக்கையோடு ஓடிவந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நான்தான், "சீக்கிரம் வாங்கோ அக்கா" என்று வேறு கத்தினேன்.

திங்கட்கிழமை காலை டீச்சர் தட்டைப் பார்த்தார். ஒன்பது ஓடுகளும் செக்கச்செவேலென்று உலர்ந்து அடுக்கியிருந்தன. ஒரு பொட்டுக் கரி இல்லை.

"ஆரா இது கழுகியது?"

"ஞான்தான் டீச்சரே" என்று அக்கா முன்னால் வந்தார். முகத்தில் அவ்வளவு பெருமை. "நல்ல கட்டிக்கரி. நாரு போட்டுத்தான் போச்சு."

டீச்சர் கத்தியிருந்தால் தேவலை. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் பார்க்காமல், "மதி. சேச்சி நாளை முதல் வரண்டா" என்றார். போதும், நாளையிலிருந்து வர வேண்டாம்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. டீச்சரின் முகத்தைப் பார்த்தால் பயமாக இருந்தது, என் வேலையும் போய்விடுமோ என்று இருந்தது, ஒரு கோழையைப் போலப் பென்சிலைச் சீவிக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் வேனில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேன் நெடுமங்காடு தாண்டிற்று. பிறகு கேட்டார்.

"என்ன தப்பு செஞ்சேன் சாரே? ஒண்ணும் ஒடையலியே."

நான் சொன்னேன். அந்தக் கரிக்குள்ளேதான் அவர்கள் என்ன ஆக்கினார்கள், எப்போது ஆக்கினார்கள் என்கிற விவரம் ஒட்டிக்கொண்டிருந்தது என்று. இங்கே ஆட்கள் குடியிருந்தார்கள் என்று சொல்ல டீச்சரிடம் இருந்தது அது ஒன்றுதான் என்று.

அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப, அவிய இங்கன இருந்த சேதியவே நான் கழுவிட்டேனா?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, உங்ககிட்ட சொல்லச் சொல்லி டீச்சர் எங்கிட்டதான் சொன்னா. நான்தான் மறந்துட்டேன்" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

"உப்புமா அப்படியே இருந்துச்சு டப்பால. நான்தானே கழுவுனேன். கோவத்துல போறாவன்னு நெனச்சேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "காலையிலயே சொல்லிருக்கலாம்லா சாரே?" என்றார்.

அன்றைக்கு வீட்டில் என்ன போட்டார்கள், என்ன தின்றேன் என்று ஒன்றும் தெரியாது.

மறுநாள் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "நேற்று ஏன் சொல்லவில்லை?" என்று மலையாளத்தில் அதே கேள்வி. அக்கா கேட்டபோது வலித்ததைவிட இது குறைவாகத்தான் வலித்தது. பிறகு, "சேச்சியை விளிக்கு" என்றார். கூப்பிட்டேன். போனில் அக்கா, "வாரேன். எனக்கும் டீச்சர்ட்ட ஒரு சங்கதி கேக்கணும்" என்றார். புதன்கிழமை வந்துவிட்டார்.

டீச்சர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அக்கா அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"அது கெடக்கட்டும் டீச்சரே. ராத்திரி பூரா நெனச்சுப் பாத்தேன். மத்த ஓடெல்லாம் கழுவுனா தண்ணி செவப்பாப் போவும். இந்த ஒம்பதையும் கழுவுனப்ப தண்ணி சாம்பக் கலருல, வழவழன்னு இருந்துச்சு. சோப்பு வாரதுக்கு முன்ன ஊருல சாம்பல் போட்டுத்தான் வெளக்குவோம். அந்தத் தண்ணி எப்படி இருக்கும்னு என் கைக்குத் தெரியும். அது சாம்பத் தண்ணி."

கீழ்க்கோடி மூலையில் மண் கறுப்பாக இருப்பதை டீச்சர் முன்னமே பார்த்திருந்தார். இலையும் வேரும் மக்கின மண் என்று குறித்தும் வைத்திருந்தார். நான் அதைக் கறுப்பு மைபோட்டு வரைந்தும் இருந்தேன். படித்தவர்கள் இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததோடு சரி.

"நீங்க மேட்டுலயே தேடுதிய" என்றார் அக்கா. "எந்த வீட்டுலயாவது நடு வீட்டுல வச்சு நான் பாத்திரம் வெளக்கிருக்கேனா? அடுப்புச் சாம்பல எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் பின்னால, தாழ்வாப் பாத்துத்தானே போவோம்? சாம்பல் இம்புட்டு இருந்தா அடுப்பு எட்டத்துல இருக்காது."

டீச்சர் என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன். மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் அன்றைக்கே மேட்டுக்குழியில் வேலையை நிறுத்திவிட்டு, ஆட்களைக் கீழே இறக்கி, அந்த மூலையை இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே நீட்டித் தோண்டச் சொன்னார்.

முதல் நாள் சாம்பல். அடுத்த நாளும் சாம்பல், முழங்கால் ஆழத்துக்கு. அதற்குள் எலும்புத் துண்டு, கருகின தானியம், உடைந்த அரைகல். டீச்சர் ஒவ்வொன்றையும் கையுறை போட்டுப் பையில் போட்டார், என்னை மூன்று முறை கூப்பிட்டு, "கழுகருது, கழுகருது" என்று சொன்னார். எனக்குத் தேவைதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் குழிக்குள் இருந்த ஆள் திடீரென்று கையைத் தூக்கினார்.

மூன்று கற்கள். முக்கோணமாக, பக்கத்துப் பக்கத்தில், வைத்தது வைத்தபடி. அவற்றின்மேல் ஒரு சட்டியின் கீழ்ப்பாதி, உடைந்தும் உதிராமல், நேராக உட்கார்ந்திருந்தது. கற்களுக்கு நடுவே கரிக்கட்டை. அணைந்து ஒரு வாரந்தான் ஆகியிருக்கும் என்று சொன்னால் நம்பலாம்.

இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? இங்கே ஆள் இருந்திருக்கிறது. முதலில் வந்து மூன்று கல்லைப் போட்டு உட்கார்ந்த குடி இங்கே இருந்திருக்கிறது. டீச்சர் அழுதார். தோட்டக்காரர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு முப்பாட்டனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எல்லோருக்கும் சாயா போடச் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் அன்றைக்கு ஒரு கோடு நேராக வரவில்லை.

டீச்சர் மேலே பார்த்து, "சேச்சி, இறங்ஙி வா" என்றார். படம் எடுப்பதற்கு முன்னால், எங்கள் யாருக்கும் முன்னால், அக்காவைத்தான் கிட்டே கூப்பிட்டார்.

அக்கா செருப்பை வெளியே விட்டுவிட்டு இறங்கினார். கற்களுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் சட்டியைப் பார்த்தார். தொடவில்லை.

"கஞ்சி பொங்கி வழிஞ்சிருக்கு. இந்தா, வெளியில கோடு கோடா இறங்கியிருக்கு பாருங்க. பொறவு அடி புடிச்சு, தீஞ்சு, கட்டியாப் போயிருக்கு" என்றார். "யாரும் எறக்கல டீச்சரே. ஆக்கிக்கிட்டு இருக்கையிலயே எந்திரிச்சுப் போயிருக்கா."

"எவிடெ?" எங்கே போனாள் என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"பிள்ள அழுதிருக்கும். இல்ல மழ வந்திருக்கும், காயப்போட்டத எடுக்க ஓடியிருப்பா. அடுப்புல சட்டியப் போட்டுட்டு எவளும் தூரமாப் போவ மாட்டா."

குழியைச் சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் அண்ணாந்து மழைமேகத்தைப் பார்த்தோம். டீச்சருக்குத்தான் அந்தக் கனத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்து, வாளிப் பக்கம் கையைக் காட்டினார்.

"எந்தா சேச்சி, இது கழுகண்டே?" கழுவ வேண்டாமா என்று கேட்டார்.

காய்ச்சலிலும் எச்சில் பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் போகத் தெரியாதவர், இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"வேண்டாம் டீச்சரே. அவ இப்ப வந்துருவா. வந்து அவளே வெளக்கிக்கிடட்டும்."